அத்தியாயம் 9: டிவிடெண்ட் யீல்டைக் கடைசியாகப் படியுங்கள்

பல நாட்டு நிறுவனங்களில் அதிக டிவிடெண்ட் தருபவற்றை மட்டும் பொறுக்கி வைத்திருக்கும் ஃபண்டுகளைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் சொல்வது டிவிடெண்ட் யீல்டைத்தான். நான்கரை சதவிகிதம், ஐந்து சதவிகிதம், சில சமயம் ஆறு. அந்த எண் மனதில் பதிந்த பிறகு மற்ற விவரங்களைப் படிக்கும் பொறுமை பலருக்கு இருப்பதில்லை. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிவிடுங்கள். ஃபண்டின் இண்டெக்ஸ் விதி, பி.இ. (விலைக்கும் லாபத்துக்கும் உள்ள விகிதம்), பி.பி. (விலைக்கும் சொத்து மதிப்புக்கும் உள்ள விகிதம்), பீட்டா (சந்தையோடு சேர்ந்து விலை ஆடும் அளவு), டாலர் குறியீடு, பத்திர வட்டி ஆகியவற்றைப் பார்த்து முடித்த பிறகு யீல்டுக்கு வந்தால், அது எங்கிருந்து வருகிறது, எத்தனை நாள் நிற்கும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

உதாரணத்துக்கு ஒரு ஃபண்டை முன்னால் வைத்துக்கொள்வோம். வேன்கார்டு நிறுவனம் 2016-ன் தொடக்கத்தில் அமெரிக்காவில் கொண்டுவந்த இன்டர்நேஷனல் ஹை டிவிடெண்ட் யீல்டு இ.டி.எஃப். சந்தையில் அதை வி.ஒய்.எம்.ஐ. என்ற சுருக்கப் பெயரில் வாங்கி விற்கிறார்கள். அமெரிக்கா தவிர்த்த வளர்ந்த நாடுகளிலும் வளரும் நாடுகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் பங்குகள் அதில் இருக்கின்றன. ரோஷ், நோவார்ட்டிஸ், ஷெல், ஹெச்.எஸ்.பி.சி., டொயோட்டா, மிட்சுபிஷி யு.எஃப்.ஜே. போன்ற பெயர்கள் பட்டியலின் மேல் வரிசையில் வந்து போகும். இதை வாங்கச் சொல்வதற்காக இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. விதிகள் வெளிப்படையாக இருக்கும் ஃபண்டு என்பதால் அளந்து பழக வசதியானது. இதில் பழகிய முறையை இதே வகையில் வரும் எந்த ஃபண்டுக்கும் பயன்படுத்தலாம்.

யீல்டு எப்படி உயர்கிறது

டிவிடெண்டை விலையால் வகுத்தால் யீல்டு. 100 ரூபாய்ப் பங்கு ஆண்டுக்கு 5 ரூபாய் கொடுத்தால் 5 சதவிகிதம். அந்த நிறுவனத்துக்கு ஏதோ சிக்கல் என்று சந்தை மோப்பம் பிடித்து, விலை 60 ரூபாய்க்கு இறங்கினால், யீல்டு 8.3 சதவிகிதமாகத் தெரியும். நிறுவனம் கூடுதலாக ஒரு பைசாகூடக் கொடுக்கவில்லை. அடுத்த காலாண்டில் டிவிடெண்ட் பாதியாகக் குறைக்கப்பட்டால் யீல்டு 4.2 சதவிகிதத்துக்கு வந்துவிடும். 8.3-ஐப் பார்த்து வாங்கியவருக்குக் கையில் வருவது 4.2.

2020-ல் இது உலகம் பார்க்க நடந்தது. அந்த மார்ச்சில் எண்ணெய் விலை சரிந்தபோது ஷெல் பங்கின் யீல்டு 10 சதவிகிதத்தைத் தாண்டிக் காட்டியது. ஏப்ரல் 30 அன்று நிறுவனம் தன் காலாண்டு டிவிடெண்டை 47 சென்ட்டிலிருந்து 16 சென்ட்டாகக் குறைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஷெல் டிவிடெண்டைக் குறைத்தது அதுவே முதல் முறை. அதற்கு ஒரு மாதம் முன்பு, மார்ச் 27 அன்று, ஐரோப்பிய மத்திய வங்கி தன் கண்காணிப்பில் இருந்த வங்கிகளை அக்டோபர் வரையிலாவது டிவிடெண்ட் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. பிரிட்டனின் கண்காணிப்பு அமைப்பும் அதையே சொல்ல, ஹெச்.எஸ்.பி.சி. ஏப்ரலில் கொடுக்கவிருந்த 21 சென்ட் டிவிடெண்டை ரத்து செய்தது. ஹாங்காங்கில் அந்த டிவிடெண்டை நம்பிக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்த முதியவர்கள் ஏராளம். அந்த வங்கியில் பணம் இல்லாமல் போகவில்லை. கொடுக்கக் கூடாது என்று மேலிடம் சொல்லிவிட்டது. வெளிநாட்டு டிவிடெண்ட் ஃபண்டில் இப்படியும் ஒரு ரிஸ்க் உண்டு என்பதை எந்த நிதி விகிதமும் காட்டாது. நாடு, துறை, கண்காணிப்பு அமைப்பு ஆகிய மூன்றையும் தெரிந்து வைத்திருந்தால் மட்டுமே அது பிடிபடும்.

முதலில் இண்டெக்ஸ் விதி

ஆகவே முதல் வேலை, ஃபண்டு எந்த விதிப்படி பங்குகளைப் பொறுக்குகிறது என்று பார்ப்பது. வி.ஒய்.எம்.ஐ. பின்பற்றும் எஃப்.டி.எஸ்.இ. இண்டெக்ஸில் விதி எளிமையானது. ரியல் எஸ்டேட் டிரஸ்டுகள் நீக்கப்படும். மற்ற நிறுவனங்கள் அடுத்த 12 மாதங்களில் எதிர்பார்க்கப்படும் யீல்டின்படி மேலிருந்து கீழாக அடுக்கப்படும். மொத்தச் சந்தை மதிப்பில் பாதி சேரும் வரை மேலிருந்து எடுத்துக்கொள்வார்கள். உள்ளே வந்த பிறகு ஒவ்வொரு நிறுவனத்தின் எடையும் அதன் சந்தை மதிப்பைப் பொறுத்தது, யீல்டைப் பொறுத்தது அல்ல.

2007 ஜூனில் வந்த ஐஷேர்ஸ் இன்டர்நேஷனல் செலக்ட் டிவிடெண்ட் இ.டி.எஃப். வேறு வழியில் போகிறது. நூறு நிறுவனங்கள்; யீல்டு எவ்வளவு அதிகமோ அவ்வளவு எடை. விலை இறங்கினால் யீல்டு ஏறும், யீல்டு ஏறினால் எடை ஏறும். எந்த நிறுவனம் தடுமாறுகிறதோ அதிலேயே அதிகப் பணம் போய்ச் சேர இந்த விதி இடம் கொடுக்கிறது. அந்த ஃபண்டு தொடங்கி ஓராண்டு முடிந்த கையோடு 2008 நெருக்கடி வந்து, ஐரோப்பிய வங்கிகள் வரிசையாக டிவிடெண்டை வெட்டின. நன்றாகப் போகும் ஆண்டுகளில் இந்த ஃபண்டின் யீல்டு வி.ஒய்.எம்.ஐ.யைவிடக் கூடுதலாகத் தெரியும். அந்தக் கூடுதலுக்குப் பின்னால் இந்த எடை விதி இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. செலவு விகிதமும் அரை சதவிகிதத்தை ஒட்டி இருக்கிறது. வி.ஒய்.எம்.ஐ.யில் 0.22 சதவிகிதமாக இருந்த செலவு 2025 பிப்ரவரியில் 0.17 ஆகக் குறைக்கப்பட்டது.

மூன்றாவது வகை, 2021-ல் வந்த ஷ்வாப் இன்டர்நேஷனல் டிவிடெண்ட் ஈக்விட்டி இ.டி.எஃப். தொடர்ந்து பத்து ஆண்டுகள் டிவிடெண்ட் கொடுத்த நிறுவனமா, கடனுக்கு எதிரே ரொக்க வரவு எவ்வளவு, ஈக்விட்டி மீதான வருமானம் எவ்வளவு என்றெல்லாம் சலித்துவிட்டு நூறு நிறுவனங்களை எடுக்கிறது. என் கணிப்பில் மூன்றில் இந்தச் சல்லடைதான் சிறந்தது. ஆனால் நூறு நிறுவனங்களே இருப்பதால் ஒவ்வொன்றின் பாதிப்பும் ஃபண்டில் கூடுதலாகத் தெரியும்.

எந்த விதியாக இருந்தாலும், துறை எடையை ஒரு முறை பார்த்துவிடுங்கள். வி.ஒய்.எம்.ஐ.யில் சுமார் 40 சதவிகிதம் நிதித்துறை. உலகம் முழுவதும் வங்கிகளின் பங்குகள் லாபத்துக்கு எதிரே குறைந்த விலையில் கிடைக்கின்றன, லாபத்தில் பெரும்பகுதியை டிவிடெண்டாகக் கொடுக்கின்றன. அதனால் யீல்டின்படி அடுக்கினால் வங்கிகள் தாமாகவே மேலே வந்துவிடும். ஆயிரம் நிறுவனங்கள் இருக்கின்றன, பரவலாக்கம் ஆகிவிட்டது என்று நிம்மதி அடைவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

நாட்டு எடையும் அப்படித்தான். ரஷ்ய எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் பல ஆண்டுகள் உலகின் உயர்ந்த யீல்டு கொண்ட பங்குகளில் இருந்தன. பி.இ. ஐந்து, ஆறு என்று மிக மலிவாகவும் தெரிந்தன. 2022 மார்ச்சில், உக்ரைன் போர் தொடங்கிய சில நாட்களில், இண்டெக்ஸ் நிறுவனங்கள் ரஷ்யப் பங்குகளைப் பூஜ்ஜிய மதிப்பில் நீக்கின. அந்த யீல்டு ஏன் அத்தனை உயரத்தில் இருந்தது என்பதற்குப் பதில் அன்று கிடைத்தது.

மூன்று எண்களைச் சேர்த்துப் படிப்பது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒரு காகிதமும் பேனாவும் போதும். ஃபண்டின் மாதாந்தரத் தகவல் தாளில் பி.இ., பி.பி., யீல்டு மூன்றும் இருக்கும். தனித்தனியாக இவை அதிகம் சொல்வதில்லை. பி.இ. 12 என்றால் மலிவா, யீல்டு 4.5 என்றால் பாதுகாப்பா என்று தனியாகக் கேட்டால் பதில் கிடைக்காது. ஒன்றோடொன்றைப் பெருக்கியும் வகுத்தும் பாருங்கள்.

யீல்டையும் பி.இ.யையும் பெருக்கினால், லாபத்தில் எத்தனை சதவிகிதம் டிவிடெண்டாகப் போகிறது என்று தெரியும். 4.5 பெருக்கல் 12, 54. நூறு ரூபாய் லாபத்தில் 54 ரூபாய் வெளியே போகிறது, 46 ரூபாய் தொழிலிலேயே நிற்கிறது. பி.பி.யை பி.இ.யால் வகுத்தால் ஈக்விட்டி மீதான வருமானம். பி.பி. 1.5 என்றால், 12.5 சதவிகிதம். தொழிலில் நின்ற 46 ரூபாயும் இதே வீதத்தில் ஈட்டும் என்று வைத்தால், லாபமும் டிவிடெண்டும் ஆண்டுக்குச் சுமார் 5.75 சதவிகிதம் வளர இடம் இருக்கிறது.

இப்போது இன்னொரு ஃபண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். யீல்டு 8, பி.இ. 9, பி.பி. 0.72. அதே கணக்கு: லாபத்தில் 72 சதவிகிதம் வெளியே போகிறது. ஈக்விட்டி மீதான வருமானம் 8 சதவிகிதம். மிஞ்சும் 28 ரூபாயில் வளர்ச்சி 2.24 சதவிகிதம்தான்.

யீல்டையும் வளர்ச்சியையும் கூட்டுங்கள். முதல் ஃபண்டுக்கு 10.25. இரண்டாவதற்கு 10.24. ஏறக்குறைய ஒன்றே. 8 சதவிகித யீல்டு 4.5-ஐவிட ஏறக்குறைய இரு மடங்கு நல்லது என்று தோன்றியது. ஆனால் நீண்ட கால வருமானத்தில் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. நிறுவனங்களின் லாபம் கால்வாசி குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே டிவிடெண்டைத் தொடர்ந்து கொடுக்க, முதல் ஃபண்டின் நிறுவனங்கள் லாபத்தில் 72 சதவிகிதத்தைக் கொடுத்தால் போதும், சமாளித்துவிடலாம். இரண்டாவது ஃபண்டின் நிறுவனங்கள் 96 சதவிகிதத்தைக் கொடுக்க வேண்டும். அங்கே வெட்டு விழுவது ஏறக்குறைய உறுதி. அதோடு, இரண்டாவது ஃபண்டில் வருமானத்தின் பெரும்பகுதி ஆண்டுதோறும் வரிக்கு உட்படுகிறது. முதல் ஃபண்டில் பாதிக்கு மேல் வளர்ச்சியாக உள்ளேயே நிற்கிறது.

இந்தக் கணக்கு ஒரு தோராயம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நிறுவனங்கள் தங்கள் பங்கைத் தாங்களே திரும்ப வாங்குவது இதில் வராது. நஷ்டம் காட்டும் நிறுவனங்களைச் சில ஃபண்டு நிறுவனங்கள் பி.இ. கணக்கிலிருந்து விலக்கிவிடுகின்றன. எல்லாவற்றையும்விட முக்கியமானது, லாபம் எந்த ஆண்டின் லாபம் என்ற கேள்வி. இதற்கு ஆஸ்திரேலியாவின் பி.ஹெச்.பி.யை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புத் தாது விலையோடு அதன் லாபமும் ஏறி இறங்கும். ஒரு காலத்தில் டிவிடெண்டைக் குறைக்கவே மாட்டோம் என்ற கொள்கையை அந்த நிறுவனம் வைத்திருந்தது. 2016 பிப்ரவரியில் அதைக் கைவிட்டு, லாபத்தில் குறைந்தது பாதியைக் கொடுப்போம் என்று மாற்றிக்கொண்டது. 2022 ஜூனில் முடிந்த நிதியாண்டுக்கு ஒரு பங்குக்கு 3.25 டாலர் கொடுத்தது. அடுத்த ஆண்டு 1.70. அதற்கடுத்து 1.46. 2025-ல் 1.10. இது ஏமாற்று அல்ல, சொன்ன கொள்கைப்படியே நடந்துகொண்டது. ஆனால் 2022-ல் பி.இ. குறைவு, யீல்டு அதிகம் என்று இரண்டையும் ஒருசேரப் பார்த்து மகிழ்ந்தவர் உச்ச லாபத்தைச் சாதாரண லாபம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். சுரங்கம், எண்ணெய், கப்பல் துறைகள் ஃபண்டில் அதிகமாக இருந்தால், ஓராண்டு பி.இ.யை நம்பாதீர்கள். ஐந்து ஆண்டுகளில் ஃபண்டு யூனிட்டுக்கு எவ்வளவு டிவிடெண்ட் வந்தது என்று எடுத்துச் சராசரி போடுங்கள்.

பி.பி. பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானில் சொத்து மதிப்புக்கும் கீழே பங்கு விலை கிடந்த நிறுவனங்கள் வெகு காலமாகவே ஏராளம். 2023 மார்ச்சில் டோக்கியோ பங்குச் சந்தை, பங்கு விலையையும் மூலதனத்தைத் திரட்ட ஆகும் செலவையும் கவனத்தில் வைத்து நிர்வாகம் செய்யுங்கள் என்று நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. அதன் பிறகு டிவிடெண்ட் உயர்வும் பங்கைத் திரும்ப வாங்குவதும் அங்கே அதிகமாயின. ஃபண்டில் ஜப்பானின் எடை கூடுதலாக இருந்தால், குறைந்த பி.பி.யை நோய்க்குறியாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை.

பீட்டா தனியாக வராது

இந்த வகை ஃபண்டுகளின் பீட்டா பெரும்பாலும் ஒன்றுக்குக் கீழே இருக்கும். அதைக் காட்டி ரிஸ்க் குறைவு என்று சொல்வார்கள். எந்த இண்டெக்ஸுக்கு எதிரே கணக்கிட்ட பீட்டா என்று முதலில் கேளுங்கள். அமெரிக்க எஸ் அண்டு பி 500-க்கு எதிரே என்றால் அந்த எண்ணால் உங்களுக்கு அதிகப் பயன் இல்லை.

காரணம் இது. ஃபண்டின் ஆண்டு ஏற்ற இறக்கம் 16 சதவிகிதம், அமெரிக்கச் சந்தையின் ஏற்ற இறக்கம் 18 சதவிகிதம், இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.5 என்று வைப்போம். பீட்டா 0.44 என்று வரும். பாதிகூட ரிஸ்க் இல்லாததுபோல் தெரிகிறது. ஆனால் 16 சதவிகித ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கிறது. அமெரிக்கச் சந்தையோடு சேர்ந்து ஆடாததால்தான் பீட்டா இறங்கியது. எனவே பீட்டாவுக்குப் பக்கத்தில் ஆர்-ஸ்கொயர் என்ற எண், அதாவது ஒட்டுறவின் வர்க்கம், இருக்கிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் அது 25 சதவிகிதம். எழுபதுக்குக் கீழே இருந்தால் அந்த பீட்டாவைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அமெரிக்கா தவிர்த்த எம்.எஸ்.சி.ஐ. அல்லது எஃப்.டி.எஸ்.இ. இண்டெக்ஸுக்கு எதிரே கணக்கிட்ட பீட்டாவைத் தேடுங்கள்.

ஏற்ற இறக்கத்தை அளக்கும் திட்ட விலகலை மாதக் கணக்கில் கொடுத்திருந்தால் 12-ன் வர்க்க மூலத்தால், அதாவது சுமார் 3.46-ஆல் பெருக்கினால் ஆண்டுக் கணக்கு வரும். மாதம் 4 சதவிகிதம் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 14. ஒட்டுறவும் நிலையான எண் அல்ல. 2020 மார்ச் 16 அன்று, அமெரிக்கச் சந்தையின் அச்சத்தை அளக்கும் விக்ஸ் குறியீடு 82.69-ல் முடிந்தது. அந்த வாரங்களில் டிவிடெண்ட் பங்கு, தொழில்நுட்பப் பங்கு, ஐரோப்பா, ஆசியா என்ற பேதம் இல்லாமல் எல்லாம் ஒன்றாகச் சரிந்தன. விக்ஸ் 15-ல் இருக்கும்போது அளந்த ஒட்டுறவு 80-ல் கைகொடுக்காது.

டாலர் குறியீடு

வெளிநாட்டு ஃபண்டின் ஓராண்டு வருமானத்தில் பங்குகள் தந்தது எவ்வளவு, நாணயம் தந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். வி.ஒய்.எம்.ஐ. நாணய ஏற்ற இறக்கத்துக்குத் தடுப்பு எதுவும் போடுவதில்லை. டாலர் வலுத்தால் அதன் விலை அமுங்கும், டாலர் தளர்ந்தால் தூக்கிவிடும். 2022 செப்டம்பரில் டாலர் குறியீடு 114-ஐத் தொட்டபோது இந்த வகை ஃபண்டுகள் எல்லாமே துவண்டு கிடந்தன. 2025-ன் முதல் ஆறு மாதங்களில் அதே குறியீடு 10 சதவிகிதத்துக்கு மேல் இறங்கியபோது இவை மின்னின. இரண்டு சமயத்திலும் ஃபண்டு மேலாளர் செய்தது எதுவும் இல்லை.

டாலர் குறியீட்டைப் பார்க்கும்போது அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆறே நாணயங்கள். யூரோ மட்டும் 57.6 சதவிகிதம். யென் 13.6, பவுண்டு 11.9, கனடா டாலர் 9.1, ஸ்வீடன் குரோனா 4.2, ஸ்விஸ் ஃபிராங்க் 3.6. 1973-ல் 100 என்று தொடங்கிய அளவு அது. உங்கள் ஃபண்டில் ஆஸ்திரேலிய வங்கிகளும் ஸ்விஸ் மருந்து நிறுவனங்களும் தைவான், பிரேசில் பங்குகளும் இருக்கின்றன. ஆஸ்திரேலிய டாலருக்கு இந்தக் குறியீட்டில் இடமே இல்லை. ஸ்விஸ் ஃபிராங்குக்கு இருக்கும் இடம் பெயருக்குத்தான். ஆகவே ஃபண்டின் நாட்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு முதல் ஐந்து நாணயங்களின் ஓராண்டு மாற்றத்தைத் தனியாகப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

ரூபாயில் முதலீடு செய்பவர்கள் இன்னும் ஒரு படி போக வேண்டும். டாலர் இங்கே விலையைக் காட்டும் அளவு மட்டுமே. உங்கள் பணம் உண்மையில் யென்னிலும் பவுண்டிலும் யூரோவிலும் இருக்கிறது. டாலருக்கு எதிராக ரூபாய் சரிகிறது என்ற ஒரே காரணத்துக்காக இந்த ஃபண்டை வாங்கினால், யென் ரூபாயைவிட வேகமாகச் சரியும் ஆண்டில் அந்தக் காரணம் செல்லாது.

பத்திர வட்டியும் விலை வரைபடமும்

அமெரிக்க அரசின் பத்து ஆண்டுப் பத்திரத்தின் வட்டியை யீல்டோடு ஒப்பிடுவது வழக்கம். 2020 ஆகஸ்ட்டில் அந்த வட்டி அரை சதவிகிதத்தை ஒட்டி இருந்தது. 2023 அக்டோபரில் 5 சதவிகிதத்தைத் தொட்டது. அரை சதவிகித உலகில் 4 சதவிகித யீல்டு கவர்ச்சியானது. 5 சதவிகித உலகில் அதே யீல்டை வாங்க, டிவிடெண்ட் வளரும் என்ற நம்பிக்கை வேண்டும். ஆனால் வட்டி ஏறினால் டிவிடெண்ட் பங்குகள் விழும் என்ற பழைய வாய்பாடு இங்கே அப்படியே பொருந்தாது. மின்சாரம், தொலைத்தொடர்பு நிறைந்த ஃபண்டுக்கு அது சரி. நிதித்துறை 40 சதவிகிதம் இருக்கும் ஃபண்டுக்கு வட்டி உயர்வு லாபத்தைக் கூட்டவும் செய்யும். 2024 மார்ச் 19 அன்று ஜப்பான் மத்திய வங்கி 17 ஆண்டுகளில் முதல் முறையாக வட்டியை உயர்த்தி, பூஜ்ஜியத்துக்குக் கீழான வட்டிக்கு முடிவு கட்டியபோது ஜப்பானிய வங்கிகளுக்கு அது நல்ல செய்தி.

200 நாள் நகரும் சராசரி, ஆர்.எஸ்.ஐ. போன்ற விலை வரைபடக் கருவிகளை இந்த வகை ஃபண்டுக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வரைபடம் பார்ப்பவர்கள் ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: அது வெறும் விலை வரைபடமா, டிவிடெண்டைச் சேர்த்த மொத்த வருமான வரைபடமா? ஒவ்வொரு காலாண்டிலும் டிவிடெண்ட் பிரியும் நாளில் விலை அந்த அளவுக்கு இறங்கும். ஆண்டுக்கு 4.5 சதவிகிதம் என்று எடுத்துக்கொண்டால், மறுமுதலீட்டோடு பத்து ஆண்டுகளில் அது 55 சதவிகிதம். விலை வரைபடத்தில் அந்த 55 சதவிகிதம் இருக்காது. விலை வரைபடத்தை வைத்து இதை எஸ் அண்டு பி 500-ஓடு ஒப்பிடுவது அநியாயம். எஸ் அண்டு பி 500-ஓடு ஒப்பிடுவதே தவறு என்பது என் கட்சி. அமெரிக்கா தவிர்த்த பரந்த இண்டெக்ஸோடு, மொத்த வருமானத்தில், ஏற்றமும் இறக்கமும் உள்ள ஏழு ஆண்டுகளுக்கு ஒப்பிடுங்கள்.

இனி யீல்டு

ஒரே ஃபண்டுக்கு மூன்று யீல்டு எண்கள் சுற்றுகின்றன. கடந்த 30 நாள் வருமானத்தை அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் சூத்திரப்படி ஆண்டாக்கியது ஒன்று. கடந்த 12 மாதங்களில் கொடுத்ததை இன்றைய விலையால் வகுத்தது ஒன்று. கடைசிக் காலாண்டுத் தொகையை நான்கால் பெருக்கியது ஒன்று. மூன்றாவதை ஒதுக்கிவிடுங்கள். ஐரோப்பிய நிறுவனங்கள் பல, ஆண்டுக்கு ஒரே முறை, ஏப்ரல் முதல் ஜூனுக்குள் டிவிடெண்ட் கொடுக்கின்றன. மார்ச்சில் கணக்கு முடிக்கும் ஜப்பானிய நிறுவனங்கள் ஜூனிலும் டிசம்பரிலும் கொடுக்கின்றன. அதனால் வெளிநாட்டு ஃபண்டின் காலாண்டுத் தொகைகள் சமமாக இருக்கவே முடியாது. ஆண்டின் நடுவில் பெருகும், வேறு காலாண்டில் சுருங்கும். பெருத்த காலாண்டை நான்கால் பெருக்கி விளம்பரம் செய்தால் யீல்டு வானத்தைத் தொடும். 12 மாதத் தொகையையே எடுத்து, முந்தைய ஐந்து ஆண்டுகளின் 12 மாதத் தொகைகளுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். 2020-ம் ஆண்டு அந்த வரிசையில் கண்டிப்பாக இருக்க வேண்டும். அடி விழுந்தபோது எவ்வளவு குறைந்தது, எத்தனை ஆண்டில் மீண்டது என்று அங்கே தெரியும்.

பிறகு வரி. இந்தியாவில் வசிப்பவர் அமெரிக்க ஃபண்டு வழியாக ஒரு ஸ்விஸ் நிறுவனத்தின் டிவிடெண்டைப் பெறும் பாதையைப் பாருங்கள். ஸ்விட்சர்லாந்து 35 சதவிகிதம் பிடித்து, ஒப்பந்தப்படி 20-ஐத் திருப்பித் தரும். 100 ரூபாயில் 85 ஃபண்டுக்கு வருகிறது. அமெரிக்கா உங்களுக்குக் கொடுக்கும் முன் 25 சதவிகிதம் பிடிக்கும், மிச்சம் 63.75. இந்தியாவில் 85 ரூபாயும் உங்கள் வருமானத்தோடு சேரும். 30 சதவிகித வரம்பில் இருந்தால், அமெரிக்காவில் பிடித்த 21.25-ஐக் கழித்துக்கொண்டு, செஸ் நீங்கலாக இன்னும் 4.25 கட்ட வேண்டும். கையில் நிற்பது 59.50. ஸ்விட்சர்லாந்தில் போன 15-ஐ நீங்கள் எங்கேயும் கழிக்க முடியாது. பிரிட்டன், ஹாங்காங், சிங்கப்பூர் நிறுவனங்களின் டிவிடெண்டில் அந்த முதல் பிடித்தம் இல்லை. எனவே நாட்டுப் பட்டியல் இங்கேயும் பணமாகிறது. அயர்லாந்தில் பதிவான ஃபண்டுகளில் அமெரிக்கப் பிடித்தம் என்ற இரண்டாவது படி இருக்காது. அமெரிக்கக் குடிமகனோ அங்கே நிரந்தரமாக வசிப்பவரோ அல்லாத ஒருவர் இறந்தால், அமெரிக்கச் சொத்தில் 60,000 டாலருக்கு மேற்பட்ட பகுதிக்கு 40 சதவிகிதம் வரை விதிக்கப்படும் வாரிசு வரியும் அயர்லாந்து ஃபண்டுக்கு இல்லை. அமெரிக்காவில் வசிக்கும் தமிழர்களுக்கு நிலைமை வேறு. வெளிநாட்டில் பிடித்த வரியை அவர்கள் கழித்துக்கொள்ளலாம், ஆனால் ஓய்வுக்காலக் கணக்கில் இந்த ஃபண்டை வைத்தால் அந்தச் சலுகை போய்விடும்.

இந்தியாவிலிருந்து அனுப்புபவர்களுக்கு ஆண்டு வரம்பு 2.5 லட்சம் டாலர். 2025 ஏப்ரல் முதல், ஒரு நிதியாண்டில் முதலீட்டுக்காக அனுப்பும் தொகை 10 லட்ச ரூபாயைத் தாண்டினால் மேற்பட்ட பகுதிக்கு 20 சதவிகிதத்தை வங்கி முன்கூட்டியே பிடிக்கும். வரிக் கணக்கில் திரும்பக் கிடைத்தாலும் அதுவரை அந்தப் பணம் முடங்கும். வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து விவரத்தைக் காட்டுவது கட்டாயம். ஒரே ஒரு யூனிட் இருந்தாலும் காட்டுங்கள்.

வாங்கும் நேரத்தைப் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்கச் சந்தை திறக்கும்போது டோக்கியோ மூடிக் கிடக்கும், லண்டன் திறந்திருக்கும். கோடைக்காலத்தில் நம் நேரப்படி இரவு 7 மணிக்குத் திறந்து, 9 மணிக்கு லண்டன் மூடும். குளிர்காலத்தில் 8 மணி, 10 மணி. இந்த இடைவெளியில் ஐரோப்பியப் பங்குகளின் விலை உயிரோடு இருப்பதால், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான வித்தியாசம் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். திறந்த முதல் கால் மணி நேரத்தை விட்டுவிட்டு, விலை வரம்பு குறிப்பிட்ட ஆர்டர் போடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு என் தீர்ப்பு: ஏற்கெனவே அமெரிக்க வளர்ச்சிப் பங்குகளில் பணம் குவிந்திருப்பவர், மற்ற நாடுகளின் வங்கி, மருந்து, எண்ணெய் நிறுவனங்களைக் குறைந்த பி.இ.யில் சேர்த்துக்கொள்ள இந்த வகை ஃபண்டு நல்ல வழி. ஏழு ஆண்டாவது வைத்திருக்க முடிய வேண்டும், ஏதோ ஓராண்டில் டிவிடெண்ட் கணிசமாகக் குறைந்தாலும் வீட்டுச் செலவு தடைபடாத நிலை வேண்டும். மாதச் செலவுக்கு இதன் டிவிடெண்டை நம்ப வேண்டிய நிலையில் இருக்கும் ஓய்வுபெற்றவர்கள், முதலில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் 30 லட்ச ரூபாய் வரம்பை நிரப்புங்கள். அதற்கு மேல் மிஞ்சும் பணத்துக்கு மட்டும் இந்த அத்தியாயத்தைப் பயன்படுத்துங்கள்.